செந்தேளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்: பொது சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக அறிவித்தது. பாம்பு கடித்து ஒருவர் வந்தால், அது அரசு ஆஸ்பத்திரியாக இருந்தாலும் தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தாலும், அந்தத் தகவல் உங்கள் துறைக்கு வந்து சேர வேண்டும். எத்தனை பேர், எந்த ஊர், எந்த மாதம், மருந்து கிடைத்ததா என்பதெல்லாம் இனிமேல் கணக்கில் வரும். அந்தச் செய்தியைப் பார்த்து மனதார சந்தோஷப்பட்டேன். அந்த அறிவிப்பில் தேளும் இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் வடமாவட்டங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வட்ட மருத்துவமனைகளிலும் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடலைக்காய் பறிப்பு, செங்கல் சூளை, கல் உடைப்பு என்று மண்ணோடும் கல்லோடும் பிழைக்கும் ஊர்கள் அவை. இரவுப் பணியில் இருந்த எவரும் அங்கே தேள்கடியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பார்த்தவர்களில் பலருக்கும் "தேள்தானே" என்கிற நினைப்புதான் இருந்தது. அந்த நினைப்புக்கு ஒரு நியாயமும் உண்டு. தேள் கொட்டி வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வலியைத் தவிர வேறொன்றும் ஆவதில்லை. உயிர் போகிற மாதிரி கடுக்கும், ராத்திரி முழுவதும் அழுவார்கள், விடிந்தால் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஐம்பது பேர் அப்படிப் போவதைப் பார்த்த கண்ணுக்கு, ஐம்பத்தோராவதாக வருகிற குழந்தையும் அப்படியே தெரிகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நம் ஊரில் ஜனங்கள் பயப்படுவது பெரிய கருந்தேளுக்கு. நட்டுவாக்காலி என்று சொல்வார்களே, நண்டு மாதிரி தடித்த இடுக்கியோடு கன்னங்கரேலென்று இருக்கும், அது. அதைப் பார்த்தால் தெருவே கூடிவிடும். ஆனால் அது கொட்டினால் வலியும் வீக்கமும்தான் இருக்கும், உயிருக்கு ஆபத்து அநேகமாக வராது. ஆளைக் கொல்லக்கூடியது செந்தேள். விரல் நீளம்தான். செம்மண்ணின் நிறத்திலும் பழுப்பிலும் இருக்கும், கால்கள் வெளுத்து மஞ்சளாகத் தெரியும். இடுக்கி மெலிந்திருக்கும், வால்தான் தடிப்பு. ஓட்டு இடுக்கிலும் விறகுக் கட்டிலும் இருந்தால் கண்ணுக்கே படாது. "சின்னத் தேள்தான் சிஸ்டர், குட்டி மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் நாம் நிம்மதி அடையக் கூடாது. உடனே கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஏன் கையைத் தொட வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனால் இந்த மடலை மற்றவர்களும் படிப்பார்கள்.

செந்தேளின் விஷம் நரம்புகளைப் பிடிக்கிறது. நரம்பு ஒரு செய்தியைக் கடத்தும்போது சோடியம் உள்ளே போகும் வாசல் திறந்து உடனே மூட வேண்டும். விஷம் அதை மூட விடுவதில்லை. பொட்டாசியம் வெளியேறும் வாசலையும் அடைத்துவிடுகிறது. அதனால் நரம்பு ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கிறது. முதலில் வாந்தி வரும், உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டும், எச்சில் ஊறும். ஆண் பிள்ளைகளாக இருந்தால் ஆண்குறி விறைத்து நிற்கும். வெட்கப்பட்டு யாரும் சொல்ல மாட்டார்கள், நாம்தான் துணியை விலக்கிப் பார்க்க வேண்டும். விஷம் உடம்பில் பரவிவிட்டது என்பதற்கு அது தெளிவான அடையாளம். அப்புறம் உடம்பில் அட்ரினலின் வகைச் சுரப்புகள் வெள்ளமாகப் பாயும். ரத்தக் குழாய்கள் சுருங்கும், கையும் காலும் ஜில்லிட்டுப் போகும். இதயம் பலமடங்கு அழுத்தத்தை எதிர்த்து அடித்து அடித்துக் களைத்துப்போகும். நுரையீரலில் நீர் கோக்கும். மூச்சு வாங்கி, வாயிலும் மூக்கிலும் இளஞ்சிவப்பாக நுரை தள்ளும்போது ஆள் கைமீறிப் போகும் கட்டம் வந்துவிட்டது.

இது நடக்கச் சில மணி நேரம் பிடிக்கும். சிலருக்கு அரை மணியிலேயே தொடங்கிவிடும், சிலருக்கு மறுநாள்கூட ஆகும். பெரியவரைக் கொட்டினாலும் குழந்தையைக் கொட்டினாலும் தேள் செலுத்தும் விஷம் ஏறக்குறைய ஒரே அளவுதான். பத்துக் கிலோ உடம்பு அதைத் தாங்காது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வலியை வைத்து ஆபத்தை அளக்கவே முடியாது. கொட்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவரைவிட, வலி பெரிதாக இல்லாமல், வேர்த்துப்போய், சில்லென்ற கைகளோடு சுருண்டு கிடக்கிற பிள்ளைதான் மோசமான நிலையில் இருக்கிறது. கத்துகிறவரை முதலில் கவனித்துவிட்டு, சத்தம் போடாத பிள்ளையை பெஞ்சில் உட்கார வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு சூளைத் தொழிலாளியின் மகன் எனக்கு மறக்கவில்லை. நான்கு வயது இருக்கும். இரவில் தேள் கொட்டியதும் பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். அலர்ஜிக்கான ஏவில் ஊசி, ஸ்டீராய்டான டெக்சா ஊசி, ஒரு டி.டி. தடுப்பூசி போட்டு, "ஒன்றும் இல்லை, கூட்டிக்கொண்டு போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். விடியற்காலையில் எங்களிடம் கொண்டுவந்தபோது நுரை தள்ளிக்கொண்டிருந்தது. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினோம். போய்ச் சேருமுன்பே இறந்துவிட்டான். அலர்ஜிக்குத் தருகிற ஊசியும் ஸ்டீராய்டும் தேள் விஷத்தை ஒன்றும் செய்வதில்லை. ஊசி போட்டாகிவிட்டது என்கிற நிம்மதியில் பெற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்பதுதான் அதன் பெரிய கெடுதல். அந்த மூன்று, நான்கு மணி நேரத்தில்தான் பிள்ளையைக் காப்பாற்றியிருக்க முடியும்.

காப்பாற்றியிருக்க முடியும் என்று ஆசையில் சொல்லவில்லை. அது எப்படி என்று நாற்பது வருடங்களுக்கு முன்னால் நம் நாட்டிலேயே, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டர்தான் காட்டினார். மகாராஷ்டிரத்தின் கொங்கணப் பகுதியில் ராய்கட் மாவட்டம், மகாட் பக்கத்தில் பிர்வாடி என்று ஓர் ஊர். 1976இல் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் அங்கே இளம் மருத்துவராகச் சேர்ந்தார். ஏழை விவசாயக் குடும்பத்திலிருந்து படித்து வந்தவர். செந்தேள் கொட்டி வருபவர்கள் நுரையீரலில் நீர் கோத்துச் சாவதை அவர் வரிசையாகப் பார்த்தார். பாடப் புத்தகத்தில் இதற்கு உருப்படியான வழி இல்லை. ஒவ்வொரு நோயாளியின் பக்கத்திலும் உட்கார்ந்து எப்போது வேர்த்தது, எப்போது கை சில்லிட்டது, ரத்த அழுத்தம் எப்படி ஏறியது என்று குறித்துக்கொண்டே வந்தார். 1982இல் 'லான்செட்' மருத்துவ இதழில் செந்தேள் கடியின் முன்னறிகுறிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை வெளியானது. கிராமத்துச் சுகாதார நிலையத்திலிருந்து உலகத்தின் முதல் வரிசை மருத்துவ இதழுக்கு!

ரத்தக் குழாய்கள் சுருங்குவதுதான் பிரச்சினை என்றால் அவற்றை விரிய வைக்க வேண்டும். முதலில் நைட்ரோபுரஸைடு என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிப் பார்த்தார். ஆள் பிழைத்தார்கள். ஆனால் அதைக் கொடுக்க நிமிடத்துக்கு நிமிடம் ரத்த அழுத்தத்தைப் பார்த்தாக வேண்டும், எல்லா ஊரிலும் அது நடக்காது. வாயில் போடக்கூடிய ஒன்று வேண்டும் என்று தேடி, ரத்த அழுத்தத்துக்குப் பயன்பட்டு வந்த பிரசோசின் மாத்திரைக்கு வந்தார். விலை மிகக் குறைவு. எந்த அட்ரினலின் வெள்ளம் ரத்தக் குழாயை இறுக்குகிறதோ அதன் பிடியையே இந்த மாத்திரை தளர்த்துகிறது. அவரும் அவருடைய மனைவி டாக்டர் பிரமோதினியும் சேர்ந்து 1986இல் இதையும் 'லான்செட்'டில் எழுதினார்கள். பிரசோசினுக்கு முந்தைய காலத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 25 முதல் 30 பேர் வரை இறந்தார்கள். பிரசோசின் வந்த பிறகு அது ஒன்றுக்கும் கீழே இறங்கியது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், அவருக்குச் செய்யும் மரியாதை அந்த மாத்திரை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து அலமாரியிலும் இருப்பதுதான்.

அதற்குப் பிறகு செந்தேளுக்கென்றே விஷமுறிவு மருந்தும் வந்தது. மும்பை ஹாஃப்கின் நிறுவனம் அதைத் தயாரித்தது. பிரசோசினையும் விஷமுறிவு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகிறது என்று பாவஸ்கர் தம்பதியினர் மகாட்டில் 70 நோயாளிகளிடம் பார்த்து, 2011இல் 'பி.எம்.ஜே.' இதழில் வெளியிட்டார்கள். சேர்த்துக் கொடுத்த 35 பேரில் 32 பேருக்குப் பத்து மணி நேரத்தில் முழுக்கச் சரியாகிவிட்டது. பிரசோசின் மட்டும் பெற்ற 35 பேரில் அந்த நேரத்துக்குள் சரியானவர்கள் 8 பேர். நமக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி ஜிப்மரில் குழந்தைகளிடம் இதே கேள்வியை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். அங்கேயும் இரண்டையும் சேர்த்துப் பெற்ற குழந்தைகள் சீக்கிரம் தேறினார்கள். ஜிப்மருக்கு அந்தக் குழந்தைகள் எங்கிருந்து வருகிறார்கள்? சுற்றியுள்ள நம் மாவட்டங்களிலிருந்தும்தான். ஆகவே இது மகாராஷ்டிரத்தின் பிரச்சினை, நமக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு, கடல் தாண்டி யாழ்ப்பாணம் வரை செந்தேள் இருக்கிறது.

சரி, நம்மிடம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறேன் என்பதற்கு வருகிறேன்.

முதலில் மாத்திரை. பாம்புக்கடிக்கும் நாய்க்கடிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து கிடைக்கச் செய்தது இந்தத் துறை. மருந்து கொள்முதலில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பார்த்துத்தான் மற்ற மாநிலங்கள் கற்றுக்கொண்டன. அதனால் பிரசோசினை எல்லா இடத்துக்கும் கொண்டுபோவது உங்களுக்குப் பெரிய வேலையே இல்லை. ஆனால் எந்த பிரசோசின் என்பதில் கவனம் வேண்டும். கடைகளில் சுலபமாகக் கிடைப்பது மெதுவாகக் கரைகிற வகை, 2.5 மில்லிகிராமும் 5 மில்லிகிராமும். நாள்பட்ட ரத்த அழுத்தத்துக்கு அது சரி. தேள் கொட்டிய குழந்தைக்கு அதை உடைத்தோ பொடித்தோ கொடுக்கக் கூடாது. வேண்டியது உடனே கரைகிற சாதாரண மாத்திரை, 1 மில்லிகிராம். ஒரு கிலோ எடைக்கு 30 மைக்ரோகிராம் என்று கணக்கிட்டு, கை கால் வெதுவெதுப்பாகும் வரை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கிறார்கள். மருந்து கேட்டு இன்டென்ட் போடும்போது "பிரசோசின்" என்று மட்டும் எழுதினால் வந்து சேருவது பயன்படாத வகையாக இருக்கும். ஒரு வரி அறிவுறுத்தலில் இதைத் தவிர்க்கலாம்.

அதுவும் பகலில் மருந்தாளுநர் பூட்டிவிட்டுப் போகிற அறையில் இருந்தால் பிரயோஜனம் இல்லை. தேள் இரவில் நடமாடுகிறது, கொட்டுவதும் அநேகமாக மாலைக்கும் நள்ளிரவுக்கும் இடையில்தான். பிரசவ அறையில் அவசர மருந்துத் தட்டு வைத்திருக்கிறோம் அல்லவா, அதேபோல இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் கை எட்டும் இடத்தில் இது இருக்க வேண்டும். விஷமுறிவு மருந்தை எல்லா இடத்திலும் வைக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. வட்ட மருத்துவமனைகளிலாவது வையுங்கள். பாம்புக்கான விஷமுறிவு மருந்து தேளுக்கு வேலை செய்யாது என்பதையும் எழுத்தில் சொல்லுங்கள். பதற்றத்தில் அதை ஏற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது பயிற்சி. இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். புதிதாக வருகிற டாக்டர்கள் நன்றாகப் படித்தவர்கள், உழைக்கிறவர்கள். ஆனால் நகரத்து மருத்துவக் கல்லூரியில் பயிற்சி முடித்துவிட்டு, செந்தேள் கடியை ஒருமுறைகூடப் பார்க்காமல் கிராமத்துக்கு வந்துவிடுகிறார்கள். வேர்வையும் எச்சிலும் வாந்தியுமாக ஓர் ஆளைப் பார்த்தால், விவசாய ஊர் ஆயிற்றே, பூச்சிமருந்து குடித்துவிட்டாரோ என்று அதற்குக் கொடுக்கிற அட்ரோபின் ஊசியை எடுக்கத் தோன்றும். தேள்கடியில் அட்ரோபின் இதயத்தை இன்னும் விரட்டும். வாந்தி எடுக்கிறதே, உடம்பு வற்றிவிடுமே என்று அளவில்லாமல் பாட்டில் ஏற்றினால், நுரையீரலில் கோக்கிற நீர் கூடும். மாத்திரை கொடுத்த பிறகு நோயாளியைப் படுத்த நிலையிலேயே வைக்க வேண்டும், திடீரென்று உட்கார வைத்தால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். ஆனால் அழுகிற பிள்ளையை அம்மா தோளில் தூக்கிப் போட்டுக்கொள்ளத்தான் செய்வாள். "தூக்காதீங்கம்மா, படுத்தே இருக்கட்டும், பக்கத்துல நீங்களும் படுத்துக்கோங்க" என்று சொல்லிக்கொடுக்க ஒரு செவிலியர் வேண்டும். இதெல்லாம் ஒரு நாள் பயிற்சியில் கற்றுக்கொள்ளக்கூடியவை. ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து அவசரப் பிரிவுச் சுவரில் ஒட்டினால் பாதி வேலை முடிந்தது. அதில் பெரிய எழுத்தில் முதல் வரியாக, தேள் கொட்டிய குழந்தையை 24 மணி நேரம் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று இருக்கட்டும்.

அனுப்புவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வட்ட மருத்துவமனை, அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனை, அங்கிருந்து மருத்துவக் கல்லூரி என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு சீட்டு எழுதி அனுப்புகிறோம். 108 வண்டி வேகமாகத்தான் வருகிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கை சில்லிட்ட குழந்தையை முதல் மாத்திரை கொடுக்காமல் வண்டியில் ஏற்றுவது, அந்தக் குழந்தைக்கு இருக்கும் நல்ல நேரத்தையெல்லாம் சாலையில் செலவழிப்பதாகும். முதல் மாத்திரை, கொடுத்த நேரம், அப்போதைய ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் அளவு ஆகியவற்றைச் சீட்டில் எழுதி, அப்புறம் அனுப்பட்டும். 108 வண்டியிலும் அந்த மாத்திரை இருக்கலாம். எல்லாரையும் அனுப்பவும் வேண்டாம். நுரையீரலில் நீர் கோக்காதவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைத்துப் பார்க்கலாம் என்பதைத்தான் பிர்வாடி அனுபவம் சொல்கிறது.

மந்திரிக்கிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் முடியாது. விஷக்கடி என்றால் முதலில் போவது இன்றைக்கும் பல ஊர்களில் அவர்களிடம்தான். வேப்பிலை அடிப்பார்கள், கயிறு கட்டுவார்கள், வெங்காயம் தேய்ப்பார்கள், சுண்ணாம்பும் புளியும் பூசுவார்கள். பெரும்பாலான தேள்கடி தானாகவே சரியாகிவிடுவதால் மந்திரத்தில் சரியானதாக ஜனங்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைத் திட்டி மாற்ற முடியாது. திட்டினால் நம்மிடம் வருவதைத்தான் நிறுத்துவார்கள். நான் வேலை பார்த்த ஓர் ஊரில் மந்திரிக்கிற பெரியவர் ஒருவரிடம் போய், "ஐயா, நீங்கள் மந்திரியுங்கள். ஆனால் வேர்த்துக் கொட்டினாலோ வாந்தி வந்தாலோ கை சில்லிட்டாலோ அந்த நிமிஷமே எங்களிடம் அனுப்பிவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டோம். அனுப்பினார். சில நேரம் அவரே டி.வி.எஸ். வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். உங்கள் கிராம சுகாதார செவிலியர்களுக்கு அவரவர் பகுதியில் யார் மந்திரிக்கிறார்கள் என்று நன்றாகத் தெரியும். அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் வீடு வீடாகப் போகிற தன்னார்வலர்களும் இதைச் செய்யலாம்.

சூளைகளும் குவாரிகளும் உங்கள் கவனத்துக்குத் தனியாக வர வேண்டும். தை பிறந்ததும் குடும்பம் குடும்பமாகச் சூளைக்குப் போய்விடுகிறார்கள். பச்சைக் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, மேலே கீற்றோ தகரமோ போட்டு, ஆறு மாதம் அதற்குள் குடித்தனம். சுட்ட கல் அடுக்கிய இடைவெளியெல்லாம் தேளுக்கு வீடு. கீழே பாயில் பிள்ளைகள் படுக்கிறார்கள். சொந்த ஊரில் அவர்களுக்குக் கார்டு இருக்கும், தெரிந்த நர்ஸ் இருப்பார். சூளை இருக்கும் ஊரில் எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இருப்பதில்லை. குடிசைகளை ஒழிக்க 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டித் தருவதாக 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தை அரசு அறிவித்தது, நல்லது. ஆனால் சொந்த ஊரில் கான்கிரீட் வீடு கட்டிக் கொடுத்தாலும், சூளைக் குடிசையில் படுக்கிற ஆறு மாதத்துக்கு அது காவல் இல்லை. தொழிலாளர் துறையோடு சேர்ந்து சூளை முதலாளிகளிடம் நீங்கள் கேட்க வேண்டியது ரொம்பச் சாதாரணமானவை. தரையை விட்டு உயர்ந்த படுக்கை, கொசுவலை, இரவில் விளக்கு, கைக்கு ஒரு கையுறை. புற ஊதாக் கதிர் டார்ச் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்த வெளிச்சம் பட்டால் தேள் பச்சையாக ஒளிரும். படுக்கும் முன் குடிசையைச் சுற்றி ஒருமுறை அடித்துப் பார்த்தால் போதும். பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்களே ஆசையாகச் செய்வார்கள், தேளைத் தொடாமல் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும்.

இப்போது கணக்கு. உலகம் முழுவதும் வருடத்துக்கு 12 லட்சம் பேருக்கு மேல் தேள் கொட்டுகிறது, 3,250 பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்று 2008இல் ஒரு மதிப்பீடு வெளியானது. இன்றும் எல்லாரும் அதைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் எண்ணிப் பார்க்காத இடங்களில் இருக்கிறவர்கள் அந்தக் கணக்கில் எப்படி வருவார்கள்? பிரேசிலில் தேள்கடியைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதனால்தான் அங்கே வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் நடக்கிறது, நகரங்களில் சாக்கடை வழியாகப் பரவுகிறது என்று அவர்களுக்குத் தெரிகிறது. எந்த ஊருக்கு எத்தனை குப்பி விஷமுறிவு மருந்து அனுப்ப வேண்டும் என்பதும் தெரிகிறது. மெக்சிகோவும் விஷமுறிவு மருந்தைக் கிராமம் வரை கொண்டுபோய்ச் சாவுகளைப் பெருமளவு குறைத்தது. 2021 நவம்பரில் எகிப்தின் அஸ்வான் பகுதியில் பெருமழை பெய்து, பொந்துகளிலிருந்து வெளியேறிய தேள்கள் வீடுகளுக்குள் வந்து, நூற்றுக்கணக்கானவர்களைக் கொட்டின. அந்த ஒரு வாரம்தான் உலகச் செய்திகளில் தேள்கடிக்கு இடம் கிடைத்தது.

நம்மிடம் அந்த நான்கு வயதுப் பையனின் சாவு எந்தக் கணக்கில் போயிருக்கும்? மூச்சுத் திணறல் என்றோ இதயம் செயலிழந்தது என்றோ எழுதியிருப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 நோய்க் குறியீட்டுப் பட்டியலில் தேள் விஷத்துக்கென்றே T63.2 என்று ஓர் எண் இருக்கிறது. அதை எழுதச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 2017இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசு பாம்புக்கடிச் சாவுகளை 2030க்குள் பாதியாகக் குறைக்க ஒரு செயல்திட்டம் வெளியிட்டது. நவம்பரில் நீங்கள் அறிவிக்கை செய்தீர்கள். ஒன்றன் பின் ஒன்றாக வந்த இந்த வரிசையில் தேள் எங்கேயும் இல்லை. புறக்கணிக்கப்பட்டவற்றிலும் இது புறக்கணிக்கப்பட்டதாக இருக்கிறது. பாம்புக்கடிக்காக நீங்கள் உருவாக்கிய அதே படிவத்தில் இன்னொரு கட்டம் சேர்த்தால் போதும். கொட்டிய நேரம், வந்து சேர்ந்த நேரம், வேர்வையும் வாந்தியும் இருந்தனவா, கை கால் சில்லிட்டிருந்ததா, பிரசோசின் எப்போது கொடுத்தார்கள், பிழைத்தாரா. ஒரு வருடம் இதைச் சேர்த்தாலே எந்த வட்டாரத்தில் எந்த மாதம் மருந்து அதிகம் வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம் உங்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. புதுச் சட்டம் தேவையில்லை, பெரிய நிதியும் தேவையில்லை. அடுத்த தை மாதம் சூளை வேலை தொடங்குவதற்குள் செய்து முடிக்கலாம். திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, காஞ்சிபுரம், வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் முதலில் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வட்டார அளவில் செவிலியர்களுக்குப் பயிற்சி வைத்தால் நான் வருகிறேன். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பயணப்படி வேண்டாம். ஓர் அறையும் ஒரு கரும்பலகையும் போதும். தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுச் செவிலியர் ஒருவர்